நாற்பது பாக ஆழம்

உலக மக்கள் அனைவரின் மேலான கவனத்துக்கு. மனித குலம் தோன்றிய நாள்தொட்டு எவராலும் அளக்க முடியாதிருந்த மனித மனத்தின் ஆழம், இனிமேல் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை, மதிய உணவு இடைவேளை நீங்கலாக, கோடைகுறிச்சி பழைய நெல் கிட்டங்கியில் அளந்து சான்றிதழ் வழங்கப்படும். அடையாள அட்டை கட்டாயம். வெங்காயம் கொண்டுவர அனுமதி இல்லை.

இப்படி ஒரு பலகை கிட்டங்கி வாசலில் தொங்கியது. எழுதியவர் மண்டல உரையாடல் இயக்குநர் முனைவர் இளஞ்சேரலாதன். மனத்தை அளக்கிற எந்திரத்துக்கு ‘ஆழமானி’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அளப்பதற்கு ஓர் அலகு வேண்டுமே என்று, கடலின் ஆழத்தைச் சொல்கிற பழைய சொல்லான ‘பாகம்’ என்பதை எடுத்துக்கொண்டு, நாற்பது பாகம் ஆழத்துக்குப் பேசினால் தேர்ச்சி என்று விதித்தவரும் அவரே. ஏன் நாற்பது என்று கேட்டால், முப்பத்தைந்து கொஞ்சம் குறைச்சலாகப் பட்டது என்பார். சொந்த மகனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மனைவிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறவர் அவர் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை இதுவரை யாரும் அளந்து பார்க்கவில்லை.

வெங்காயத்துக்குக் காரணம் இருக்கிறது. எந்திரம் வந்த புதிதில் கண்ணீரைக் கண்டால் தாராளமாகப் பாகங்களை அள்ளிப் போட்டுவிடும். விஷயம் தெரிந்ததும் பேருந்து நிலையத்துக்கு எதிரே பயிற்சி நிலையங்கள் முளைத்தன. தழுதழுத்தல், விம்மல், மூக்குறிஞ்சுதல், இடையிடையே மௌனம் என்று பாடத்திட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். சிறுவயதில் அப்பா பெல்ட்டால் அடித்த கதையை ஊரே ஒரே மாதிரி சொல்ல ஆரம்பித்தது; அப்பாவைப் பார்த்திராதவர்களும் சொன்னார்கள். அதன்பிறகுதான் எந்திரத்தைத் திருத்தினார்கள்.

இவ்வளவு ஏற்பாடும் எதற்கு என்றால், மழைக்கு.

மேகத்தை மடக்கிப் பிடித்துக் கறக்கிற வித்தை கைவந்த பிறகு, மழை எந்த நேரத்தில் பெய்ய வேண்டும் என்பதை மக்களே வாக்களித்து முடிவுசெய்யலாம் என்று அரசு சொன்னது. ஒரு மாவட்டத்துக்கு ஒரு நேரம்தான். பகல் அல்லது இரவு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அப்பளம் காயப்போடுகிறவர்கள் இரவு மழை கேட்டார்கள். விடியுமுன் மொட்டுப் பறிக்கிற பூக்காரர்கள் பகல் மழை கேட்டார்கள். அதுவரை நியாயம். பிறகு, அப்பளமும் இடாத பூவும் வளர்க்காத லட்சக்கணக்கானவர்கள், வீட்டில் ஒரு குடைகூட இல்லாதவர்கள், ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு மற்ற பக்கத்தை வெறுக்கத் தொடங்கினார்கள். பகல்காரர் டீக்கடை, இரவுக்காரர் டீக்கடை என்று ஆனது; இரண்டுக்கும் பால் ஊற்றியவர் ஒரே ஆள். பெண் பார்க்கப் போனவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் மழையை விசாரித்தார்கள். 

கடைசியில் ‘தனித்தனி வானம்’ என்று ஒரு திட்டம் வந்தது. பகல்காரர்களை எல்லாம் ஒரு மாவட்டத்திலும் இரவுக்காரர்களை எல்லாம் வேறொரு மாவட்டத்திலும் குடிவைப்பது. அவரவர் தலைமேல் அவரவர் மழை. கோடைகுறிச்சி இரவுக்காரர்கள் பங்குக்கு வந்தது. சரி, ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சியும் இருந்தால் என்ன செய்வது? அதற்குத்தான் எந்திரம். ‘ஆழ்ந்து உரையாடியோரைப் பிரித்தல் ஆகாது’ என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அதுவும் இளஞ்சேரலாதன் எழுதிய வரிதான். நாற்பது பாகம் பேசிக் காட்டினால் சேர்ந்திருக்கலாம். இல்லாவிட்டால் சாமான் ஏற்ற லாரி வரும்.

சண்முகவடிவின் வீட்டுக்கு லாரி திங்கட்கிழமை வருவதாக இருந்தது.

வடிவு சின்ன ஆள் இல்லை. ஒரு அப்பளக் கம்பெனியின் முதலாளி, இரவுமழை முன்னணியின் நகரச் செயலாளர். மைக்கைப் பிடித்தால் எதிர்க் கடைக்காரன் ஷட்டரை இறக்குவான். அவளுடைய நாத்தனார் உலகம்மாள், பகல்மழைப் பேரவையின் மகளிர் அணிப் பேச்சாளர். ஊருக்கு வெளியே பிச்சிப்பூத் தோட்டம் வைத்திருந்தாள். கல்யாணமாகிப் போன வேகத்திலேயே அது சரிப்பட்டு வராமல் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். ஆளுக்கு ஆயிரம் பேரைக் கட்டிப்போட்டுப் பேசக்கூடிய இந்த இரண்டு பெண்களும் ஒரே கூரைக்குக் கீழே மூன்று வருஷமாக ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நடுவில் இருந்தவர் நல்லபெருமாள். வடிவின் புருஷன், உலகம்மாளின் அண்ணன். எந்தக் கட்சியிலும் சேராமல் இரண்டு பேருக்கும் போஸ்டர் ஒட்டிக்கொடுத்தவர். மழை நேரத்துக்கு முதன்முதலாக வாக்கெடுப்பு நடந்து இரவு மழை ஜெயித்த வாரத்தில் வீட்டில் பெரிய சண்டை. உலகம்மாள் கோபித்துக்கொண்டு தோட்டத்துக் குடிசைக்குப் போய்விட்டாள். முதல் இரவு மழை பெய்தபோது, தங்கச்சியின் பூப்பாத்திகளைத் தார்ப்பாய் போட்டு மூடுவதற்காக மோட்டார் சைக்கிளில் கிளம்பிய நல்லபெருமாள் ஓடைப் பாலத்தில் வழுக்கி விழுந்தார். அங்கேயே முடிந்துவிட்டது. காரியத்துக்கு வந்த உலகம்மாள் பிறகு குடிசைக்குத் திரும்பவில்லை.

உன் மழைதான் கொன்றது என்று உலகம்மாள் நினைத்தாள். உன் பூதான் கொன்றது என்று வடிவு நினைத்தாள். இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொண்டார்களா என்றால் இல்லை. சொல்லியிருந்தால் ஒரு நாள் சண்டையோடு போயிருக்கும்.

பேச்சு இல்லை என்றால் வீட்டில் சத்தமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பேச்சை முறித்துக்கொண்டவர்கள் ஒரே வீட்டில் இருக்க நேர்ந்தால் கோடைகுறிச்சிப் பக்கம் ஜாடையாகப் பேசிக்கொள்வது வழக்கம். சொல்ல வேண்டியதை அவர்கள் காதில் விழும்படி வேறு எதையாவது பார்த்துச் சொல்வது. பிள்ளை இருந்தால் பிள்ளை, கோழி இருந்தால் கோழி. இவர்கள் வீட்டில் ஒரு வெள்ளாடு இருந்தது. குழம்பு அடுப்பில் இருக்கிறது, வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று வடிவு ஆட்டிடம் சொல்வாள். உப்புக் கரிக்கிற குழம்பை எவள் தின்பாள் என்று உலகம்மாள் ஆட்டிடம் கேட்பாள். கேட்டுவிட்டுத் தின்பாள். ஆடு ரெண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அசைபோடும்.

அப்படிப்பட்ட நாத்தனார் லாரி ஏறிப் போவதில் வடிவுக்கு என்ன நஷ்டம் என்று கட்சி ஆபீசில் கேட்டார்கள். வடிவுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒருத்தியோடு பேசாமல் இருப்பதற்கும் அந்த ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டும். ஆளில்லாத வீட்டில் பேசாமல் இருப்பதற்குப் பெயர் வேறு.

ஆகவே அவள் முடிவுசெய்துவிட்டாள். உலகம்மாள் போகக் கூடாது.

கிட்டங்கியில் ஏற்கெனவே இரண்டு அமர்வு தோற்றாகிவிட்டது. முதல் அமர்வில் இருவரும் தத்தம் கட்சிக் கொள்கையை விளக்கினார்கள். எந்திரம் கால் பாகம் கொடுத்தது. இரண்டாவதில் வாயையே திறக்கவில்லை. மூன்றாவதுதான் கடைசி. வெள்ளிக்கிழமை காலை இருவரும் ஒரே பேருந்தில் ஏறினார்கள், ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்தார்கள். வடிவு ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள். “உலகு, போகாத.” இவ்வளவுதான். கண்ணைப் பார்த்துச் சொல்லிவிடுவது. ஒன்றரை மணி நேரம் குறிப்பில்லாமல் பேசுகிறவளுக்கு இந்த இரண்டு வார்த்தையும் பேருந்து குலுங்கும்போதெல்லாம் மறந்து மறந்து போயின.

கிட்டங்கி வாசலில் வழக்கத்துக்கு மாறாகக் கூட்டம். தலைநகரிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். எந்திரம் வாங்கி இத்தனை மாதத்தில் என்னதான் சாதித்தீர்கள் என்று மேலிடம் கேட்டிருந்ததால் இளஞ்சேரலாதன் அவர்களை வரவழைத்திருந்தார். மேஜைமேல் பொன்னாடைகள் அடுக்கியிருந்தன. யாருக்குப் போர்த்துவது என்பதுதான் இன்னும் தெரியவில்லை. எந்திரத்தைத் திருத்திய பிறகு அந்தக் கிட்டங்கியில் யாரும் இருபது பாகத்தைத் தாண்டியதில்லை.

உள் அறையில் எந்திரத்தை இயக்குகிற ஜெபராணி இருவர் மணிக்கட்டிலும் பட்டையைக் கட்டினாள். நடுவில் ஒரு சின்ன மேஜை, அதன்மேல் குக்கர் அளவில் ஆழமானி, அதன் நெற்றியில் ஒரு விளக்கு.

“அக்கா, மேடைப் பேச்செல்லாம் இதுகிட்ட எடுபடாது,” என்றாள் ஜெபராணி. “கொரல் நடுக்கம், மூச்சு, நாடி எல்லாத்தையும் பாக்கும். இப்பப் புதுசா இன்னொண்ணும் பாக்குது. யாரைப் பாத்து, யாருக்குச் சொல்லுதீங்கன்னு. அவங்களுக்குச் சொன்னாத்தான் அவங்க கணக்குல ஏறும்.”

“செவுத்தப் பாத்துச் சொன்னா?” என்று கேட்டாள் வடிவு.

“செவுத்துக் கணக்குல ஏறும்.”

ஜெபராணி கதவைச் சாத்திக்கொண்டு போனாள். பக்கத்து அறையில் கண்ணாடிக்குப் பின்னால் இயக்குநர் அளவுமுள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எந்திரம் கனைத்துக்கொண்டது. கனைப்பதற்குக்கூட அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். “வணக்கம். இந்த அமர்வில் தங்கள் இருவரின் உரையாடல் ஆழம் இதுவரை பூஜ்யம். அன்புகூர்ந்து மனம் திறக்கவும்,” என்று செய்தி வாசிக்கிற குரலில் சொன்னது.

வடிவு நிமிர்ந்தாள். எதிரே உலகம்மாள் தன் விரல் நகத்தில் ஒட்டியிருந்த பூக்கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. இது எப்போது நரைத்தது என்று வடிவுக்குத் தெரியவில்லை. மூன்று வருஷமாக அந்த முகத்தை நேராகப் பார்த்ததில்லையே. தொண்டைக்குள் இரண்டு வார்த்தையும் தயாராக இருந்தன. வாயைத் திறந்தாள். வழக்கமும் ரோஷமும் கழுத்தைப் பிடித்துத் திருப்பின. அறையில் ஆடு இல்லை. எந்திரம்தான் இருந்தது.

“ஏ எந்திரம், ஒனக்குக் காது கேக்குமா?” என்றாள்.

“கேட்கும் அம்மா.”

“நல்லாக் கேட்டுக்கோ. சில பேரு மூட்ட முடிச்சக் கட்டி வச்சிருக்காக. போற ஊர்ல தண்ணி உப்புன்னு அவுகளுக்குத் தெரியாது. பிச்சி ஒரு கொத்துகூடப் பிடிக்காது.”

உலகம்மாள் நகத்தை விட்டுவிட்டு எந்திரத்தைப் பார்த்தாள். “பிடிக்காட்டாப் போகட்டும்னு சொல்லு. இங்க இருந்து யாரு மூஞ்சியப் பாக்க?”

“மன்னிக்கவும்,” என்றது எந்திரம். “தாங்கள் யாருடைய முகத்தைப் பார்க்க விரும்புகிறீர்கள்?”

ஆடாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது.

பிறகு வடிவு ஆரம்பித்தாள். விட்ட இடம் தெரியாமல், கிடைத்த இடத்தில் ஆரம்பித்தாள். காரியத்தன்று கூடப்பிறந்தவள் கடைசி வரிசையில் போய் நின்றதை எந்திரத்திடம் சொன்னாள். முன் வரிசை முழுக்க இரவுக்காரக் கொடியாக இருந்ததை உலகம்மாள் எந்திரத்துக்கு ஞாபகப்படுத்தினாள். செத்துப்போனவருடைய சட்டைகளை வடிவு யாரையும் கேட்காமல் எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டதையும் சொன்னாள். ஒரு சட்டையைக் கொடுக்கவில்லை, பீரோவில்தான் இருக்கிறது, கேட்டால்தானே தெரியும் என்று வடிவு சொன்னாள். எந்திரம் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னது. அதன் நெற்றி விளக்கு மஞ்சளிலிருந்து நீலத்துக்கு வந்திருந்தது. இருவரும் விளக்கைக் கவனிக்கவில்லை.

பேச்சு நின்றுபோன ஓர் இடத்தில் உலகம்மாள் முன்னால் குனிந்து, எந்திரத்துக்கு மட்டும் சொல்வதுபோல மெதுவாகக் கேட்டாள்.

“எங்கண்ணன் அன்னைக்குச் சாப்ட்டுட்டுப் போனானா?”

எந்திரத்துக்குத் தெரியாது.

மூன்று வருஷமாக இவள் இதையா உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள் என்றிருந்தது வடிவுக்கு. வீட்டில் தன்னால் சண்டை, அண்ணனுக்குப் பெண்டாட்டி சோறு போட்டிருக்க மாட்டாள், தெரியாமல் எழுந்து வந்திருப்பான் என்றே நினைத்திருக்கிறாள். கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம்.

“சாப்ட்டாகன்னு சொல்லு,” என்றாள் வடிவு எந்திரத்திடம். “ரெண்டு தோசை சாப்ட்டாக. மூணாவது கல்லுல கெடக்கு. மழை விழுகவும் வாசலையே பாத்துட்டு இருந்தாக. என் மூஞ்சியப் பாக்கப் பயம். நாந்தான் சொன்னேன். போங்க, போய் அந்தப் பூவ மூடிட்டு வாங்க, ஒத்தையில கெடந்து அவ என்ன செய்வா, அப்படின்னு நாந்தான் அனுப்புனேன். இத எந்த வாயால யாருகிட்டச் சொல்ல?”

உலகம்மாளும் எந்திரத்திடமே சொன்னாள். பாத்திகளை அன்று சாயங்காலமே தானே தார்ப்பாய் போட்டு மூடிவிட்டதாகச் சொன்னாள். அண்ணன் நினைத்துக் கவலைப்படுவான் என்று போனைக் கையில் எடுத்தாளாம். போட்டால் மதினி எடுப்பாள், ஜெயித்த வாரம், கேலியாக ஏதாவது சொல்வாள். வைத்துவிட்டாளாம்.

“ஒரு போனு,” என்றாள். “மூடியாச்சு, வராதேன்னு ஒரு போனு. அவ்வளவுதான் எந்திரம்.”

“மிக ஆழமான பகிர்வு. தங்கள் இருவருக்கும் நன்றி,” என்றது அது.

“நீ செத்த சும்மா இரு,” என்றாள் வடிவு.

உலகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அந்த மூணாவது தோசை என்னாச்சாம்?”

“கல்லுலயே கருகிப் போச்சுன்னு சொல்லு.”

இரண்டு பேரும் அழுதார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல், மேஜைமேல் இருந்த குக்கரைப் பார்த்து அழுதார்கள். எந்திரத்தின் நெற்றி விளக்கு கருநீலமாகி, அதற்குமேல் நிறம் இல்லாததால் அப்படியே நின்றது.

அளவுமுள் தொண்ணூறைத் தாண்டியபோதே இளஞ்சேரலாதன் எழுந்துவிட்டார். முழு அறிக்கையும் வரட்டும் சார் என்று ஜெபராணி சொன்னது அவர் காதில் விழவில்லை. வாசலுக்கு ஓடிப் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி நிறுத்தினார். பிளவுண்ட சமுதாயத்தின் புண்ணுக்கு மருந்து கண்டாகிவிட்டது என்றார். ஒரு பகல் பெண்ணும் ஓர் இரவுப் பெண்ணும் தொண்ணூற்று மூன்று பாகம் ஆழத்தில் சந்தித்துக்கொண்டார்கள் என்றும், அந்த ஆழத்தில் மழையே கிடையாது என்றும் சொன்னார். அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போய் இன்னொரு தடவை சொன்னார். கேமராக்கள் மின்னின. அழுது முகம் வீங்கி வெளியே வந்த இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார். ஒரு கட்டத்தில் உற்சாகம் தாங்காமல் ஜெபராணிக்கும் ஒன்று போர்த்திவிட்டார்.

அவள் அந்தப் பொன்னாடையோடு அறிக்கைத் தாளை நீட்டினாள்.

இயக்குநர் படித்தார். சண்முகவடிவு, தொண்ணூற்று மூன்று பாகம், உரையாடிய தரப்பு: ஆழமானி. உலகம்மாள், தொண்ணூற்று மூன்று பாகம், உரையாடிய தரப்பு: ஆழமானி. மனுதாரர்கள் தங்களுக்குள் உரையாடிய ஆழம்: பூஜ்யம்.

மூவரையும் உள் அறைக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினார். சான்றிதழ் தர வழியில்லை என்றார். சட்டப்படி நீங்கள் பேசிக்கொள்ளவே இல்லை, மூன்று அமர்வும் முடிந்துவிட்டது, திங்கட்கிழமை உலகம்மாள் புறப்பட வேண்டியதுதான் என்றார். பத்திரிகையில் வருவதை என்ன செய்வது என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்தார்.

வடிவு பொன்னாடையை மடித்து மேஜைமேல் வைத்தாள். நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். தாலுகா ஆபீஸ் முற்றுகைகளில் உட்கார்ந்து பழகிய உட்காரல் அது. எழுப்புவதற்குப் போலீஸ் வேண்டும். அரை மணி நேரத்துக்கு முன்னால் இரண்டு வார்த்தை வராமல் தவித்த வாய் இப்போது அதிகாரியைப் பார்த்ததும் தானாகத் திறந்துகொண்டது.

“ஆழ்ந்து உரையாடியோரைப் பிரித்தல் ஆகாது. இது நீங்க எழுதுனதுதான சார்?”

“ஆமாம்.”

“நான் யாருகூட ஆழமாப் பேசியிருக்கேன்னு இந்தத் தாள்ல போட்டிருக்கு?”

“அது ஒரு எந்திரம் அம்மா.”

“எந்திரத்தோட பேசுனாச் செல்லாதுன்னு சட்டத்துல எங்க எழுதியிருக்கு?”

இளஞ்சேரலாதன் யோசித்தார். எழுதவில்லை. அந்த வரியின் ஓசை நயத்தில் மயங்கி அதோடு நிறுத்தியிருந்தார்.

“அப்ப என்னையும் இதையும் பிரிக்கக் கூடாது,” என்றாள் வடிவு. “அந்தா நிக்காளே, அவளையும் இதையும் பிரிக்கக் கூடாது. இது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு ஊர்ல எப்படி சார் வைப்பீங்க?”

“அம்மா, இது அரசாங்க உடைமை.”

“நாங்க மட்டும் யாரு உடைமை? லாரியில ஏத்துதீங்கள்லா.” அவள் குரலை உயர்த்தவில்லை. “வாசல்ல பத்திரிகைக்காரங்க நிக்காங்க. தொண்ணூத்து மூணு பாகத்துல சந்திச்சாங்கன்னு ரெண்டு தடவ சொல்லியிருக்கீங்க. அது தப்புன்னு நீங்க போய்ச் சொல்லுதீங்களா, நான் சொல்லட்டா?”

இயக்குநர் தாளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மேஜைமேல் மடித்து வைத்திருந்த பொன்னாடையைப் பார்த்தார். வடிவு திரும்பவில்லை. உலகம்மாள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது. மூட்டை கட்டியது அவள்தான். போவேன் என்று அவள் சொன்னால் எந்தச் சட்டமும் பிடித்து நிறுத்தாது. வடிவின் முதுகு முழுக்கக் காதாக இருந்தது.

உலகம்மாள் மேஜைக்குக் கீழே குனிந்து, எந்திரத்தின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, முழங்கையில் சுற்றிச் சுருட்ட ஆரம்பித்தாள்.

மேற்படி எந்திரம் மேற்படி இருவருக்கும் ‘இணைப்பு உறவினர்’ ஆவதால், மூவரும் ஒரே முகவரியில் வசிக்க ஆவன செய்யப்படுகிறது என்று இளஞ்சேரலாதன் உத்தரவு எழுதினார். எழுதி முடித்தபோது அதுவும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. திரும்பும்போது எந்திரம் ஒரு கோணிப்பையில் பேருந்தின் நடு இருக்கையில் உட்கார்ந்து வந்தது. அதற்கு இந்தப் பக்கம் வடிவு, அந்தப் பக்கம் உலகம்மாள். நடத்துநர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் போட வந்தார். உறவினர் என்று உத்தரவைக் காட்டினாள் வடிவு. அப்படியானால் முழு டிக்கெட் என்றார் அவர்.

திங்கட்கிழமை லாரி வந்து பக்கத்துத் தெருவில் வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு போனது.

முனைவர் இளஞ்சேரலாதன் இதைப் பற்றி ஆய்வுரை எழுதினார். ‘முக்கோண உரையாடல்’ என்று அதற்குப் பெயர். மனிதர்கள் ஒருவரை ஒருவர் நேராகப் பார்க்க முடியாதபடி பிளவு முற்றிய காலத்தில், பொறுமையும் பரிவும் கொண்ட ஓர் எந்திரம் நடுவில் அமர்ந்து கேட்குமானால் மனங்கள் சேரும் என்பது அவர் கண்டுபிடிப்பு. மூன்று நாடுகளில் வாசித்தார். இரண்டு விருது வந்தது. மாவட்டம்தோறும் வீடுகளுக்கு எந்திரம் வழங்கலாமா என்று பார்த்துவர ஒரு குழு அமைத்தார்கள். அடுத்த ஆண்டு அந்தக் குழுவை அவரே கோடைகுறிச்சிக்கு அழைத்து வந்தார்.

குழுவினர் செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படி வாசலில் சத்தமில்லாமல் நின்றார்கள். அலமாரித் தட்டில் அப்பளத் தூக்குவாளிக்குப் பக்கத்தில் எந்திரம் இருந்தது. உலகம்மாள் பூத் தொடுத்துக்கொண்டே, மதினிக்கு முட்டுவலி கூடியிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் கேட்பதில்லை, செத்தால் தனக்கென்ன என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனால் வருவதாக வடிவும் அதனிடமே சொன்னாள். பிறகு பேச்சு நல்லபெருமாளுக்கு வந்தது, அங்கேயிருந்து பகல் மழை நல்லதா இரவு மழை நல்லதா என்ற சண்டைக்குப் போனது, இருவரும் எந்திரத்தைக் கிழிகிழி என்று கிழித்தார்கள், கடைசியில் வடிவு அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இரண்டு பேருக்கும் காபி கலந்தாள். குழுவில் ஓர் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எவ்வளவு பரிவோடு கேட்கிறது பாருங்கள், குறுக்கே ஒரு சொல்கூடப் பேசவில்லை பாருங்கள் என்று இளஞ்சேரலாதன் தாழ்ந்த குரலில் விளக்கினார்.

அடுப்படியில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் இருந்தது. எந்திரத்தைப் பிடுங்கிவிட்டு அதில் மிக்சியைச் சொருகிப் பத்து மாதம் ஆகியிருந்தது.